ஆற்றங்கரையில் காவலிருக்கும் உம்மாக்கள்



பெருநாள் கழிந்து இரண்டாம், மூன்றாம் நாட்களில் நம் குடும்பங்கள் எங்கே போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். மூத்தவர்களின் வீடுகளுக்குப் போய் ஸலாம் சொல்லி, வட்டிலப்பமும் சாப்பிட்டு முடிந்ததும் ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் இருக்கும் இடத்துக்குத்தான் போகிறோம். கிழக்கில் இருப்பவர்கள் கடற்கரைக்கும் களப்புக்கும் போவார்கள். மேற்கிலும் தெற்கிலும் இருப்பவர்கள் ஆற்றங்கரையைத் தேடிப் போவார்கள்.

அங்கே போய் இறங்கியதும் நடப்பது எல்லாக் குடும்பங்களிலும் ஒன்றுதான். ஆண்களும் பையன்களும் தண்ணீரை நோக்கி ஓடுவார்கள். நாமோ பாயை விரித்து, சோற்றுச் சட்டியை ஈ மொய்க்காமல் மூடிவைத்து, எல்லோருடைய செருப்புகளுக்கும் மணிக்கூடுகளுக்கும் தொலைபேசிகளுக்கும் காவலிருப்போம். இடையிடையே, "தூரம் போக வாணாம்!" என்று சத்தம் போடுவோம். நம்முடைய ஆற்றுப் பயணம் அவ்வளவுதான்.

சென்ற நோன்புப் பெருநாளைக்குப் பிறகு நாங்களும் அப்படித்தான் போனோம். போன இடம் பெந்தோட்டை. மேல் மாகாணத்துக்கும் தென் மாகாணத்துக்கும் எல்லையாக ஓடுகின்ற பெந்தர கங்கை அங்கேதான் கடலில் கலக்கிறது. அக்கரையில் அளுத்கம. தர்கா நகரும் பேருவளையும் கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். கழிமுகத்தை விட்டுச் சற்று மேலே போனால் இரு கரையிலும் கண்டல் மரங்கள் வேர்களை நீருக்குள் ஊன்றிக்கொண்டு நிற்கும். மீன்கொத்தியும் நீர்க்காகமும் கிளைகளில் காத்திருக்கும். கபரகொயா என்கிற பெரிய நீர் உடும்பு, யாரையும் பொருட்படுத்தாமல் ஆற்றைக் குறுக்கே நீந்திக் கடக்கும். சுப்ஹானல்லாஹ், பார்க்கப் பார்க்க அலுக்காத இடம்.

அந்த ஆற்றில் இப்போது கயாக் என்ற சிறிய தோணிகளை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். ஒருவரோ இருவரோ அமரலாம். இரண்டு முனையிலும் தட்டையான அகப்பை போல விரிந்த துடுப்பை இடமும் வலமுமாக மாறி மாறி வலித்துக்கொண்டு போக வேண்டும். இயந்திரச் சத்தமில்லை, புகையில்லை. ஒரு பறவையின் அருகில் போனாலும் அது பறந்துவிடாது. எங்கள் வீட்டுப் பையன்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறிக்கொண்டார்கள்.

ராத்தாவின் மகளுக்கு பதினான்கு வயது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "சாச்சி, எங்களுக்கும் ஏறேலுமா?"

நான் வாய் திறக்குமுன்னே அவளுடைய உம்மா சொல்லிவிட்டார்: "வாணாம் புள்ள. விழுந்தா யாரு எடுக்கிற?"

அவள் விடவில்லை. "தம்பி விழுந்தா யாரு எடுக்கிற?" என்று கேட்டாள்.

ராத்தா பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அரை மணித்தியாலத்துக்குள் அந்தக் கேள்விக்கு ஆறே பதில் சொல்லிவிட்டது.

உல்லாசப் பயணிகளை ஏற்றிய ஒரு இயந்திரப் படகு வேகமாகப் போனது. அது எழுப்பிய அலை, ராத்தாவின் மகன் இருந்த கயாக்கின் விலாவில் வந்து அடித்தது. கயாக் கவிழ்ந்தது. பிள்ளை நீருக்குள் போனான். போன வேகத்தில் மேலே வந்தான்! தோணிக்காரர் வற்புறுத்தி மாட்டிவிட்டிருந்த உயிர்காப்பு அங்கி, காய்ந்த தேங்காயைப் போல அவனை மிதக்க வைத்திருந்தது. கவிழ்ந்த கயாக்கைப் பிடித்துக்கொண்டு அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்க்க ராத்தாவுக்கு நேரமிருக்கவில்லை. மகனின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு, போட்டிருந்த அபாயாவோடு தண்ணீரில் பாய்ந்துவிட்டார். அந்தக் கரை நான்கு எட்டு வரை முழங்காலளவு. அதற்கப்பால் ஒரேயடியாக ஆழம். ஆடை கால்களைச் சுற்றிக்கொண்டது, கீழே சேறு. மகன் நீரின் மேலே சிரித்துக்கொண்டிருக்க, உம்மா நீருக்குள் போய்க்கொண்டிருந்தார். தோணிக்காரர் கரையில் நின்றபடியே ஒரு நீண்ட துடுப்பை நீட்டினார். ராத்தா அதைப் பற்றிக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ், அவரை இழுத்தெடுத்துவிட்டோம்.

சகோதரிகளே! அன்று முழுவதும் என் மனதில் ஒரே எண்ணம்தான். ஆபத்து என்று எண்ணி நாம் ஏற மறுத்த தோணியில் இருந்தவன் பத்திரமாக இருந்தான். பத்திரம் என்று எண்ணி நாம் அமர்ந்திருந்த கரையில்தான் ஆபத்து இருந்தது. ஏன்? அவனிடம் அங்கி இருந்தது. விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஏறுமுன்னே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நம்மிடம் இரண்டும் இல்லை. பிள்ளைகளை நேசிக்கிறோம், ஆனால் நீரை அறியாமல் நேசிக்கிறோம்.

இது சின்ன விடயமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதே ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதி நம் கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட சின்னஞ்சிறு பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அவர்கள் உல்லாசத்துக்காகத் தண்ணீரில் போனவர்களல்லர். நீரால் சூழப்பட்ட தீவில் வாழ்பவர்களுக்கு நீரை அறிவது பொழுதுபோக்கல்ல, தேவை.

"இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் விளையாட்டு, நம் பெண்களுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கயாக்கின் கதை தெரிந்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

கயாக் பிறந்தது உல்லாசத்துக்காக அல்ல. வட துருவத்தை அண்டிய பனிப் பிரதேசங்களில், கிரீன்லாந்திலும் கனடாவின் வடக்கிலும் அலாஸ்காவிலும் வாழ்கின்ற இனுயிட் முதலிய மக்கள், வயிற்றுப் பாட்டுக்காகச் செய்துகொண்ட வேட்டைத் தோணி அது. அங்கே மரங்கள் வளர்வது அரிது. ஆகவே கடல் கொண்டுவந்து ஒதுக்கிய மரத் துண்டுகளாலும் எலும்பாலும் ஒரு கூட்டைச் செய்தார்கள். அதன் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தினார்கள். கூட்டைக் கட்டியவர்கள் ஆண்கள். தோலைப் பதப்படுத்தி, அளவெடுத்து, வெட்டி, தைத்தவர்களோ பெண்கள்!

அது சாதாரணத் தையலல்ல. ஊசி தோலின் மறுபக்கத்துக்குத் துளைத்துக்கொண்டு போகக் கூடாது. தோலின் பாதித் தடிப்புக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி, மடித்து, இரண்டு வரிசை தைப்பார்கள். நூலாக மிருகத்தின் தசைநாரைப் பயன்படுத்தினார்கள். ஈரம் பட்டதும் அந்த நார் உப்பித் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். உறைபனிக் கடலில் ஒரு துளி நீரும் உள்ளே வராது. ஒரு தையல் பிழைத்தால் கணவன் வீடு திரும்ப மாட்டான். தையல் மெஷினுக்கு முன்னால் அமர்ந்து பிள்ளைகளின் பெருநாள் உடுப்பைத் தைக்கின்ற சகோதரிகளுக்கு இந்தப் பெண்களின் திறமை நன்றாகவே விளங்கும்.

அதே மக்களிடம் 'உமியாக்' என்ற இன்னொரு பெரிய தோல் படகும் இருந்தது. குடும்பம் முழுவதும் சாமான்களோடு இடம் மாறும்போது அதில்தான் போவார்கள். கிரீன்லாந்தில் அதைத் துடுப்பு வலித்துச் செலுத்தியவர்கள் பெண்களே. அதனால் அதற்குப் 'பெண்களின் படகு' என்றே பெயராயிற்று.

கயாக்குக்கு ஒன்றுவிட்ட சகோதரி போன்றது கனூ. அதில் துடுப்புக்கு ஒரே ஒரு அகப்பைதான். வட அமெரிக்காவின் காடுகளில் வாழ்ந்த பழங்குடியினர் பேர்ச் மரத்தின் பட்டையை உரித்து, மர வேர்களால் தைத்து, பிசினால் பொருத்துகளை அடைத்துக் கனூ செய்தார்கள். நம் நாட்டு மீனவரின் தோணியும் ஒருவாவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஆகவே இது யாரோ ஒரு சாராருக்கு மட்டும் உரியதல்ல. ஆறும் கடலும் இருந்த இடமெல்லாம் மனிதன் துடுப்பைப் பிடித்திருக்கிறான், மனுஷியும் பிடித்திருக்கிறாள்.

வேடிக்கை என்னவென்றால், பெண்களைத் துடுப்பிலிருந்து விலக்கி வைத்ததில் மேலைநாட்டாரும் சளைத்தவர்களல்லர். ஒலிம்பிக்கில் இந்தப் போட்டிகள் 1936 இல் பேர்லினில் தொடங்கின. பெண்களுக்குக் கயாக் போட்டியில் இடம் கிடைத்தது 1948 இல். கனூப் போட்டியில் இடம் கிடைத்ததோ 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான்!

நம் மார்க்க வரலாற்றுக்கு வருவோம். மதீனாவில் உம்மு ஹராம் பின்த் மில்ஹான் (ரழி) என்றொரு ஸஹாபிப் பெண்மணி இருந்தார்கள். அனஸ் இப்னு மாலிக் (ரழி) அவர்களின் தாயாருடைய சகோதரி. ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் அவர்களுடைய வீட்டில் உறங்கி, புன்னகையோடு விழித்தார்கள். தம் சமூகத்தார் சிலர் அரியணையில் அமர்ந்த மன்னர்களைப் போலக் கடலில் பயணம் செய்வதைக் கனவில் கண்டதாகக் கூறினார்கள். அதைக் கேட்ட உம்மு ஹராம் (ரழி), "பெண்ணாகிய எனக்கு அது எதற்கு?" என்று ஒதுங்கவில்லை. அவர்களுள் தன்னையும் ஒருத்தியாக்குமாறு துஆச் செய்யும்படி வேண்டிக்கொண்டார்கள். உஸ்மான் (ரழி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் கணவர் உபாதா இப்னு ஸாமித் (ரழி) அவர்களோடு கப்பலேறி சைப்பிரஸ் தீவுக்குப் போனார்கள். கரையிறங்கிய பின் வாகனப் பிராணியிலிருந்து விழுந்து வபாத்தானார்கள். அவர்களுடையது எனக் கருதப்படும் கப்று இன்றும் அந்தத் தீவில் லார்னகா நகரத்துக்கு அருகில், உப்பு ஏரி ஒன்றின் கரையில் இருக்கிறது.

அது அறப்போர், நாம் பேசுவது பெருநாள் உலா. இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தண்ணீரில் பயணம் செய்வது பெண்ணின் இயல்புக்கு மாறானது என்று சொல்பவர்களுக்கு அந்தத் தாயின் வரலாறு ஒரு பதிலல்லவா? பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கும்படி உமர் (ரழி) அவர்கள் கூறியதாக அறிவிக்கப்படுவதும் நாம் அறிந்ததே. பிள்ளைகள் என்றால் ஆண் பிள்ளைகள் மட்டும்தானா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்ற நபிகளாரின் போதனை ஆற்றங்கரைக்கும் பொருந்தும். "அல்லாஹ் காப்பாற்றுவான்" என்று சொல்லிக்கொண்டே அங்கியில்லாமல் பிள்ளையைத் தோணியில் ஏற்றுவது தவக்குல் அல்ல.

சரி, குடும்பத்தோடு போக எந்த ஆறு நல்லது? எல்லா ஆறும் ஒன்றல்ல. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, நான் மேலே சொன்ன பெந்தர கங்கை. மேற்பகுதி அமைதியானது. ஆனால் கழிமுகத்தின் அருகில் இயந்திரப் படகுகள் அதிகம். கடல் இழுக்கும் இடம் வேறு. ஆகவே கயாக்கில் ஏறினால் கடலை நோக்கிப் போகாமல் உள்நாட்டுப் பக்கமாகவே போக வேண்டும். படகு எழுப்பும் அலை வருவது தெரிந்தால், கயாக்கின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பிவிட வேண்டும். விலாவைக் காட்டினால் எங்கள் பையனுக்கு நடந்ததுதான் நடக்கும்.

இரண்டாவது, பலப்பிட்டியில் உள்ள மாது கங்கை. ஆறும் களப்பும் சேர்ந்த அகன்ற நீர்ப்பரப்பு அது. சிறுசிறு தீவுகள் நிறைந்தது. தீவுகளில் கறுவாப்பட்டை உரித்துப் பதப்படுத்துவதைப் பார்க்கலாம். கண்டல் காட்டுக்குள் குகை போன்ற நீர்ப்பாதைகள் இருக்கின்றன. 2003 ஆம் ஆண்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நீரோட்டம் மெதுவானது. முதன்முதலாகத் துடுப்புப் பிடிப்பவர்களுக்கு இப்படிப்பட்ட அசையாத நீர்தான் ஏற்றது.

மூன்றாவது, கித்துள்கலையில் ஓடும் களனி கங்கை. இது பாவா ஆதம் மலைத் தொடரில் ஊற்றெடுத்து வருகிறது. அழகில் இதற்கு நிகரில்லை. 1957 இல் வெளிவந்த புகழ்பெற்ற 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலத் திரைப்படத்தையே இங்குதான் எடுத்தார்கள். ஆனால் இங்கே நீர் பாறைகளுக்கிடையே நுரைத்துக்கொண்டு பாய்கிறது. கற்றுத் தேர்ந்தவர்கள்தான் இங்கே கயாக் ஓட்டலாம். மற்றவர்கள் வழிகாட்டி ஒருவரோடு பெரிய இரப்பர்ப் படகில் போவார்கள். இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. மேலே லக்ஷபான முதலிய நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே நீரைத் திறந்துவிட்டால், வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே கீழே நீர்மட்டம் ஏறும். மலையில் மழை பெய்தாலும் அப்படியே. "முழங்காலளவுதானே" என்று பிள்ளைகளைக் குளிக்க விட்டுவிட்டு நாம் சோறு பரிமாறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது இடுப்பளவாகிவிடலாம். நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகுகளும் குச்சிகளும் மிதந்து வந்தாலோ, ஒரு நிமிடமும் தாமதியாமல் எல்லோரையும் கரையேற்றுங்கள்.

காலத்தையும் பாருங்கள். நம் பெருநாள்கள் வருடத்துக்கு ஏறத்தாழ 11 நாட்கள் முன்னோக்கி நகர்கின்றன. ஒரு வருடம் வெயிலில் வந்த பெருநாள் சில வருடங்களில் மழைக்காலத்தில் வரும். "முந்தியும் இங்கேதானே வந்தோம்" என்ற பேச்சு உதவாது. மே முதல் செப்டெம்பர் வரையுள்ள தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்த ஆறுகள் பெருகி ஓடும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் காலை தெளிவாக இருந்தாலும் பின்னேரத்தில் இடி மின்னலோடு மழை வரும். ஆகவே ஸுபஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டு, லுஹருக்கு முன்னே நீரிலிருந்து கரையேறிவிடுவது எல்லா வகையிலும் நல்லது. காலை நேரத்தில் காற்றும் குறைவு, கூட்டமும் குறைவு. அந்நியர் பார்வையில்லாமல் குடும்பப் பெண்கள் மட்டும் ஒதுக்கமான ஓரிடத்தில் ஏறி இறங்கவும் வசதியாக இருக்கும்.

இனி, புறப்படுமுன் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். இந்தப் பகுதியைத் தயவுசெய்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

உயிர்காப்பு அங்கி இல்லாமல் யாரும் ஏறக் கூடாது, நீச்சல் தெரிந்தவர்களும்கூட. அளவு பார்த்து வாங்குங்கள். எல்லாப் பட்டிகளையும் பூட்டிய பின், பிள்ளையின் தோள்பட்டையில் அங்கியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது நாடியைத் தாண்டிக் காது வரை ஏறினால் பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். நீரில் விழுந்ததும் பிள்ளை கீழேயும் அங்கி மேலேயுமாகப் போய்விடும். சின்னப் பிள்ளைகளுக்குக் கால்களுக்கிடையே போகும் பட்டியுள்ள அங்கியைக் கேளுங்கள். காற்றூதிய விளையாட்டு வளையங்கள் அங்கிக்கு ஈடாகா. அளவான அங்கி இல்லையென்றால் கூச்சப்படாமல், "அப்படியானால் நாங்கள் ஏறவில்லை" என்று சொல்லிவிடுங்கள்.

ஆடை விடயத்தில் மார்க்கத்தையும் விட வேண்டாம், புத்தியையும் விட வேண்டாம். நிலத்துக்கு உகந்த நீண்ட அபாயா தண்ணீரில் கால்களைக் கட்டிப்போடும். மெல்லிய, நீரை உறிஞ்சாத துணியில் தளர்வான காற்சட்டையும் முழங்கால் வரை வரும் நீண்ட கைச் சட்டையும் தைத்துக்கொள்ளுங்கள். தலைக்குத் தொங்கும் முந்தானை இல்லாத, தலையோடு பொருந்தும் மக்கனா போதும். நீண்ட தாவணி கிளையிலும் தோணியிலும் சிக்கும். 2004 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் அஹெதா ஸனெட்டி என்ற முஸ்லிம் பெண் உடலை மறைக்கும் நீச்சலுடையை வடிவமைத்தார். இப்போது அவ்வகை உடைகள் பல நாடுகளில் விற்பனையாகின்றன. தைக்கத் தெரிந்த சகோதரிகள் அந்த முறையில் வீட்டிலேயே தைக்கலாம். ஈரமான ஆடைக்கு மேலே போர்த்த ஒரு பெரிய துணியைக் கரையில் தயாராக வையுங்கள்.

கயாக் கவிழ்ந்தால் அதை விட்டு நீந்தக் கூடாது. அது மூழ்காது, அதைப் பற்றிக்கொண்டு ஆள் வரும்வரை இருக்க வேண்டும். வேகமாக ஓடும் ஆற்றில் இழுபட்டால் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் கால் சிக்கினால் நீரோட்டம் ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசைக்கு முன்னால் நீட்டி, நீரின் மேல்மட்டத்தில் வைத்துக்கொண்டு மிதந்து வர வேண்டும்.

கரையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உம்மாக்களே, இது உங்களுக்குத்தான். யாராவது விழுந்தால் பின்னால் பாயாதீர்கள்! முதலில் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். எட்டும் தூரமென்றால் படுத்துக்கொண்டு ஒரு துடுப்பையோ தடியையோ முறுக்கிய துணியையோ நீட்டுங்கள். எட்டாத தூரமென்றால் மிதக்கும் எதையாவது எறியுங்கள். மூடி இறுக்கிய வெற்றுத் தண்ணீர்க் கேன் ஒன்றில் கயிற்றைக் கட்டிப் பாயின் பக்கத்தில் வைத்திருங்கள். சோற்றுச் சட்டிக்கு இவ்வளவு நேரம் காவலிருக்கிறோமே, பிள்ளைகளுக்காக இந்தக் கயிற்றுக்கும் கொஞ்சம் காவலிருப்போம்.

ஏறுமுன் ஊரவரிடம் கேளுங்கள். எங்கே ஆழம், எங்கே சுழி, எங்கே முதலை என்று அவர்களுக்குத்தான் தெரியும். திரும்பும்போது பொலித்தீன் பைகளையும் சோற்றுத் தாள்களையும் ஆற்றில் விட்டுவிட்டு வராதீர்கள். அந்த நீரில்தான் நாம் வுழூச் செய்து தொழுதோம் என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது நீச்சல். நகரங்களிலுள்ள நீச்சல் தடாகங்களில் பெண்களுக்குத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் பத்துப் பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள். ஒருவர் கேட்டால் கிடைக்காதது பத்துப் பேர் கேட்டால் கிடைக்கும். மகளை அனுப்பும்போது நீங்களும் கூடவே இறங்குங்கள். நாற்பது வயதில் கற்பதற்கு வெட்கம் எதற்கு?

இதைப் படித்து முடித்ததும் பத்திரிகையை மூடிவைக்காமல் உங்கள் கணவரின் கையில் கொடுங்கள். "பெண்கள் கரையில் இருக்கட்டும்" என்று சொல்வது அவர்கள் நம் மேல் வைத்துள்ள அன்பினால்தான். அந்த அன்பு நம்மைக் காப்பாற்றப் போதாது என்பதை அவர்களும் அறிய வேண்டுமல்லவா?

ராத்தாவின் மகள் இப்போது கிழமைக்கு ஒருநாள் நீச்சல் பழகப் போகிறாள். முதல் இரண்டு கிழமை ராத்தா தடாகத்தின் ஓரத்தில் அவளுடைய பையைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கிழமை பயிற்சியாளர், "நீங்களும் வாங்களேன்" என்று கூப்பிட்டிருக்கிறார். ராத்தா இறங்கினார். இன்னும் நீந்தத் தெரியாது. ஆனால் மல்லாந்து மிதக்கப் பழகிவிட்டார். "காதுக்குள்ள தண்ணி போன நேரம் பயந்துட்டேன். பொறகு வானத்தப் பாத்துக்கிட்டு அப்படியே கிடந்தேன்" என்று தொலைபேசியில் சொன்னார்.

அடுத்த பெருநாளைக்கு மாது கங்கைக்குப் போவதென்று பேசி வைத்திருக்கிறோம். இருவர் அமரும் கயாக்கில் உம்மாவும் மகளும் ஏறுவார்கள், இன்ஷா அல்லாஹ். செருப்புகளை இந்த முறை பையன்கள் காவல் காக்கட்டும்!

அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.